இடது பக்கம் சிவப்புப் புகைபோக்கி

என் கணவர் தட்டில் பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று கேட்டபோதுதான் மருத்துவமனையில் சொன்னது எனக்குப் புரிந்தது. தட்டின் வலது பாதி துடைத்தாற்போல் இருந்தது. இடது பாதியில் சோறும் குழம்பும் ஒரு வஞ்சிரத் துண்டும் வைத்தபடியே இருந்தன. நான் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தேன். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"மீனு இப்பதான் வெச்சியா?" என்றார்.

அவர் படூரில் ஒரு கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர். மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகப் பிடிக்காமல் லாரிக்குப் போய், அங்கிருந்து பேருந்துக்கு வந்தவர். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள், காலை ட்ரிப் முடித்து மற்ற டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தோம். கையும் காலும் பெரும்பாலும் திரும்பி வந்தன. பேச்சு போகவே இல்லை. போனது இடது பக்கம்.

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தது. டாக்டர் எனக்கு இப்படிச் சொன்னார்: "இருட்டா இருந்தா இருட்டுன்னு சொல்லுவாரும்மா. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு இல்ல. இல்லாததை எப்படி இல்லன்னு சொல்லுவாரு?" மருந்துச் சீட்டில் கடைசியாக, வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்துகொண்டார். சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "எங்க போய்ட்ட?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்கதான் இருக்கேன்" என்றால் குரல் வந்த திசையை விட்டுவிட்டு வலது பக்கம் திரும்பித் தேடுவார். அதனால் நான் எப்போதும் வலது பக்கமாகவே உட்கார ஆரம்பித்தேன். அவருக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அதைத்தான் முதலில் நிறுத்தினாள். இருபத்தாறு வயதுப் பெண், மதுரைப் பக்கம். "வலது பக்கம் உட்காராதீங்க அக்கா. டிவி, தண்ணி, போன், நீங்க, எல்லாமே இடது பக்கம் போங்க. தேடட்டும்."

"தேடவே மாட்டேன்றாரே."

"தேடுற மாதிரி ஏதாவது வேணும். அவருக்குக் கையால செய்யப் பிடிக்கிற வேலை. இடமிருந்து வலமா வரிசையா அடுக்குற மாதிரி."

அந்த வாரம் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வேண்டாத சாமான்களைப் படிக்கட்டின் கீழே வைத்திருந்தார்கள். அதில் ஒரு அரிசிப் பை நிறைய விளையாட்டுக் கட்டைகள் இருந்தன. ஒன்றின் தலையிலிருக்கும் குமிழ்கள் இன்னொன்றின் அடியில் அழுந்தி மாட்டிக்கொள்ளுமே, அந்த பிளாஸ்டிக் கட்டைகள். கேட்டு வாங்கி வந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் விளையாட்டுச் சாமான் அதுதான்.

"இன்னாத்துக்கு இது?" என்றார். "நான் இன்னா எல்கேஜியா?"

சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் தரையில் கட்டைகளைப் பிரிப்பதைப் பார்த்தார். வெள்ளைதான் நிறைய. அடுத்தது கரும்பழுப்பு, ஏதோ கப்பல் பொம்மையிலிருந்து வந்திருக்க வேண்டும். சிவப்பு இரண்டு கைப்பிடி. மற்ற நிறங்கள் ஒன்றுக்கும் உதவாத அளவு.

நான் கட்டட வரைபடம் போடுகிறவள். கருங்குழியில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, வரைவாளர் படிப்புப் படித்து, கேளம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் அனுமதிக்கான பிளான் போட்டுக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வெள்ளையையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய வேலை ஞாபகம் வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்காரர் இங்கிலாந்து வீட்டின் படம் ஒன்றைக் கொண்டுவந்து, வாசல் முகப்பு இதே மாதிரி வேண்டும் என்றார். டியூடர் பாணி. பல நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே மரச்சட்டத்தால் வீடு கட்டினார்கள். கருத்த தூண்கள், குறுக்குச் சட்டங்கள், சாய்வுச் சட்டங்கள், நடுவில் வெள்ளைச் சுவர். செங்குத்தாக இறங்கும் கூரை. கீழ்மாடியைவிட மேல்மாடி ஒரு அடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விடுதிக்காரருக்கு நான் போட்டுக்கொடுத்தது சிமென்ட் சுவரில் ஒட்டிய பழுப்புப் பட்டைகள்தான். ஆனால் அதை வரைவதற்காக நிறையப் படங்கள் பார்த்திருந்தேன்.

டியூடர் வீட்டில் எனக்கு வேறொரு வசதி தெரிந்தது. வெறும் வெள்ளைச் சுவர் பாதியில் நின்றால் அது பாதியா முழுசா என்று சொல்ல முடியாது. இதில் தூண்களை எண்ணிவிடலாம். ஏழு தூண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு தூண் இருந்தால், இவருடைய உலகம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். ஒரு கட்டம் ஒரு குமிழ். முப்பத்திரண்டு குமிழ் அகலம், ஏழு பழுப்புத் தூண், இரண்டு மாடி, முகப்புச் சுவர் மட்டும். அலுவலகத்தில் போடுகிற மாதிரியே ஓரத்தில் அளவு எழுதி, சன்னலுக்கும் கதவுக்கும் எண் கொடுத்து, அவர் முன்னால் வைத்தேன். விளையாட்டுச் சாமானாக வந்ததைத் தொடாதவர், பிளானாக வந்ததை எடுத்துப் பார்த்தார். பேருந்து ஓட்டுகிறவருக்கு ரூட் சார்ட் பழக்கம்.

"இது இன்னா வூடு, வரிக்குதிரை மாதிரி கீது?"

"கட்டிப் பாருங்க."

நான்கு நாள் கட்டினார். வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இடது கை மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் செய்தது. ஐந்தாம் நாள் காலையில், "முடிஞ்சிச்சி, பாரு" என்றார். வலது பக்கம் மூன்று தூணும், நாலாவது தூணில் பாதியும் நேர்த்தியாக நின்றன. சன்னல் தாளில் இருந்தபடியே இருந்தது. கூரைகூட அந்தப் பாதிக்கு மட்டும் போட்டிருந்தார், உச்சியில் கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. அதற்கு இடப்புறம், கட்டைகளை மாட்டும் பச்சை அடித்தட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"எப்டி கீது?"

"நல்லா இருக்கு" என்றேன்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது, மீதிப் பாதியை நானே உட்கார்ந்து கட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏழு தூண்களோடு முழு வீடு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் கட்டியதை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அவருடைய பாதியை அப்படியே விட்டேன். ஏன் கட்டினேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். "அடுத்த வீட்டுல இடது ஓரத்துல பளிச்சுன்னு ஒண்ணு வைங்க அக்கா. ஒவ்வொரு வரிசையும் அதைத் தொட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

இரண்டாவது வீட்டுக்கு இடது ஓரத்தில் ஒரு புகைபோக்கி வரைந்தேன். அந்தக் காலத்து வீடுகளில் செங்கல் புகைபோக்கி சுவரோடு ஒட்டி அடியிலிருந்தே எழும்பும், அதனால் பொய்யும் இல்லை. சிவப்புக் கட்டைகள் முழுவதையும் அதற்கே செலவழித்தேன். புகைபோக்கியை நானே கட்டி அடித்தட்டில் ஒட்டவைத்த பிறகுதான் அவரிடம் கொடுத்தேன்.

"செவப்ப தொட்டுட்டு வாங்க" என்பது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கும் பேச்சானது. அவர் கை இடது பக்கம் போகும், பாதியில் நின்றுவிடும். "தொட்டுட்டேன்" என்பார். "தொடல." "தொட்டேன்றேன்ல?" சில நாள் கட்டையைத் தூக்கி எறிந்தார். சில நாள் நான் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அந்த வீட்டில் ஐந்து தூண் வந்தது. ஆறாவது தூண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்பு வரை ஒரு சந்து விட்டிருந்தார். புகைபோக்கி தனியாக நின்றது.

இதற்கிடையில் அவர் சாவியைக் கேட்க ஆரம்பித்திருந்தார். பேருந்துச் சாவி கல்லூரியில் இருந்தது, ஸ்கூட்டர் சாவி என் கைப்பையில். "கை நல்லாதான கீது? கால் நல்லாதான கீது? அந்த டாக்டருக்கு இன்னா தெரியும், அவரு இன்னா பஸ்ஸா ஓட்டிகினு இருந்தாரு?" அவர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் குறை எதுவும் இருப்பதாக அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஒரு நாள் காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணியில் திரும்பி வந்தார். கையில் பால் பாக்கெட். ஒன்றும் நடக்காத முகம். அவர் பின்னாலேயே, தெருமுனையில் மீன் விற்கும் அம்மா வந்து வாசலில் நின்றாள். முழங்கை வரை செதில், புடவை ஓரமெல்லாம் மண்.

"இன்னா நைனா, ரோட்ல எடமே இல்லாத மாதிரி மீனு மேலயா வண்டிய உட்டுகினு போவ? கூப்ட கூப்ட திரும்பிகூட பாக்காம போற! கைய இழுத்துக்கலன்னா எம் மேலயே ஏறி இருப்ப!"

"நானா? நான் யார் மேலயும் உடலியே" என்றார் அவர். வியப்புதான் இருந்தது குரலில்.

"இதோ பாரு, வண்டி சக்கரத்துல சங்கரா மீனு ஒட்டிகினு கீது!"

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அவர் அன்று முழுவதும், அந்த அம்மா வேறு யாரையோ பார்த்துவிட்டு வந்து தன்னைச் சொல்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாவியை அலுவலக மேசையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாக அவர்மேல் பயம் வந்தது. அதுவரை வருத்தம் மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது வீட்டை அவர் முடித்த நாள். இந்த முறை ஆறு தூண், ஆனால் மறுபடி சந்து, மேல்மாடியில் சந்து இன்னும் பெரியது. "முடிஞ்சிச்சி" என்றார். நான் மாவு பிசையும் பலகையின் மேல்தான் அதைக் கட்டச் சொல்லியிருந்தேன். ஏனென்று தெரியவில்லை, பலகையைப் பிடித்து அரை வட்டம் திருப்பினேன். சோற்றுத் தட்டைத் திருப்பிய பழக்கம்தான். வெறும் முகப்புச் சுவர்தானே, இப்போது அவர் அதைப் பின்பக்கமிருந்து பார்த்தார். அவர் கட்டாமல் விட்டது அவருடைய வலது பக்கம் வந்தது.

குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இந்தப் பக்கத்த பிச்சி வெச்சது?"

"யாரும் பிக்கல. நீங்க கட்டவே இல்ல."

"நான் முழுசா கட்டினேன்."

"உங்களுக்கு முழுசாத்தான் தெரிஞ்சிருக்கும்."

பலகையை அவரே திருப்பினார். முகப்பைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். ஐந்தாறு தடவை இப்படியும் அப்படியும் திருப்பினார். தாளை எடுத்துத் தூண்களை விரலால் எண்ணினார், அதில் நாலோடு நின்றார். தாளையும் திருப்பி எண்ணினார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் தாள் படபடத்தது. அவர் அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

"அந்த மீனம்மா எங்க குந்திகினு இருந்திச்சி?" என்று கேட்டார்.

"பீச்சாங்கை பக்கம்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "பஸ்ல அறுவது புள்ளைங்க குந்திகினு வரும்" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. சாவியைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மீன்காரம்மா முன்னால் போய் நின்று, தனக்கு மூளையில் அடைப்பு வந்ததையும், அவள் உட்கார்ந்திருந்த பக்கம் தனக்குத் தெரியாமல் போனதையும், வெட்கப்படாமல் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்லக்கூடாதா நைனா? காலங்காத்தால குடிச்சிகினு வண்டி ஓட்றன்னு தெருவுல நாலு பேர் கிட்ட சொல்லிட்டனே."

"சொல்லிட்டா பரவால்ல. அவங்களாவது ஓரமா நடப்பாங்க" என்றார் அவர்.

நோய் வந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. மீன்காரம்மா சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடுகள் வேகமாக வந்தன. தனக்கு ஒரு பக்கம் தெரிவதில்லை என்று தெரிந்த பிறகு அவர் அதைத் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிசைக்கும் தானே, "செவப்பு" என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். நாலாவது வீட்டில் ஏழு தூணும் வந்தன, ஏழாவது கோணல். ஐந்தாவதில் மேல்மாடியை ஒரு குமிழ் வெளியே தள்ளி வரைந்தேன். கட்டைகளைக் கீழிருந்து கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு மேலே அழுத்த வேண்டும், அதனால் இடது கை சும்மா இருக்க முடியாது. ஆறாவதில் சாய்வுச் சட்டம் வைத்தேன். சதுரக் கட்டைகளில் சாய்வு வராது. இரண்டு மூன்று நாள் நான் திணறினேன். கடைசியில் நீளமான மெல்லிய பழுப்புத் துண்டு ஒன்றை எதிலும் மாட்டாமல், தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இறுக்கி நிற்க வைத்தோம். விடுதிக்காரருக்கு நான் வரைந்த சாய்வுகள் எதையும் தாங்கவில்லை, ஒட்டு மட்டும்தான். இதை எடுத்தால் சுவர் ஆடியது. வரைவாளராக எனக்கு அது பிடித்திருந்தது.

புகைபோக்கியின் சிவப்பை வீட்டுக்கு வீடு குறைத்தேன். எட்டாவது வீட்டில் சிவப்பே இல்லை. புகைபோக்கியும் பழுப்பு. நான் வேண்டுமென்றே இடது பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் அவர் தலையைத் திருப்பி, நேராக என்னைப் பார்த்து, "அந்த வெள்ளை நாலு குமிழ் கட்ட உன் காலாண்ட கீது, எடு" என்றார். நான் எடுத்துக்கொடுத்தேன். ஊசியைத் திரும்ப எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிசியோதெரபிஸ்ட் என் வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் போனாள். அணுபுரத்தில் அவள் பார்க்கும் இரண்டு நோயாளிகளுக்கு அதே வீடுகளைக் கொடுத்தாள். ஒருவர் முதல் வீட்டிலேயே ஏழு தூணும் கட்டிவிட்டாராம். இன்னொருவர் ஆறு மாதமாகியும் மூன்று தூணைத் தாண்டவில்லையாம். அந்த இரண்டாவது ஆளின் மனைவி ஒரு முறை எனக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனாவது வீட்டுல இடது பக்கம் வந்திச்சி?" என்று கேட்டார். மூன்றாவது என்றேன். அவர் கணவருக்கு வேறு மாதிரியும் இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. களைத்திருக்கும்போது இப்போதும் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் வலது பக்கம் பேசுகிறவர்தான் அவருக்குக் கேட்கிறார். முன்பு எதற்கெடுத்தாலும் கோபப்படுவார், இப்போது கோபமும் குறைவு, சந்தோஷமும் குறைவு. வண்டி ஓட்டுவதில்லை. கல்லூரியில் அவரைப் பேருந்துகள் புறப்படும் இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எந்த ரூட், எந்த டிரைவர் வரவில்லை என்று பார்த்துப் போனில் சொல்கிற வேலை. மற்ற டிரைவர்கள், "'மச்சான், பீச்சாங்கை பக்கம் கண்ணாடி பாத்துட்டியா?'ன்னு அவரு எங்கள கேக்காத நாளே இல்ல" என்று என்னிடம் குறைப்பட்டார்கள்.

பதினோராவது வீட்டோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

"போதும்மே. ஆரம்பத்துலேர்ந்து எனுக்கு இந்த வூடே புடிக்கல" என்றார். "ஜன்னல் இத்துனூண்டு. நம்மூரு வெயிலுக்கு உள்ள எவன் இருப்பான்?"

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே?"

"நீ ஆசையா வரஞ்சிகினு இருந்த. இன்னாத்துக்கு சொல்லணும்?"

நான் அவருக்காக வரைவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எது சரி என்று நாங்கள் பேசித் தீர்க்கவில்லை.

ஆனால் நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக வேலை இல்லாதபோது கட்டத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்கிறேன். இப்போது செய்துகொண்டிருப்பது நாலு பக்கமும் சுவர் உள்ளது, நடுவில் முற்றம், இரண்டு தெரு கூடும் மூலையில் நிற்கிற மாதிரி. மேல்மாடி இரண்டு பக்கமும் துருத்த வேண்டும், மூலைத் தூண் அந்த எடையைத் தாங்க வேண்டும். அதுதான் இன்னும் சரியாக வரவில்லை, இரண்டு முறை சரிந்துவிட்டது. அவர் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வழியாகத்தான் போவார். நேற்று நின்று பார்த்தார்.

"ஜன்னல பெருசா வெய்யேன்" என்றார்.

பெரிதாக வைத்தால் நடுத் தூணை எடுக்க வேண்டும், தூணை எடுத்தால் அது டியூடர் வீடாக இருக்காது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சட்டையின் இரண்டு கையையும் மடித்து விட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.